சட்டம் வந்திட்டுதாம்!



"காணிச் சட்டத்தை மாத்திப் போட்டாங்களாம்."

"இனி மரணச் சான்றிதழ் எடுக்காட்டி ஒண்டும் கிடையாதாம்."

"பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்திட்டாங்களாம். பிள்ளையளை விடப் போறாங்களாம்."

மாதர் சங்கக் கூட்டத்திலும், பிரதேச செயலக வாசலிலும், பேருந்திலும் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் 'ஆம்' இருப்பதைக் கவனித்தீர்களா? நாங்கள் கண்ணால் காணவில்லை, யாரோ சொல்லக் கேட்டோம் என்பதைத்தான் அந்த 'ஆம்' சொல்கிறது. ஊர்ப்புதினம் என்றால் அதனால் பெரிய நட்டம் வராது. ஆனால் சட்டம் என்று வரும்போது அந்த ஓர் எழுத்தை நம்பிக் காணியை விட்டவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்து வைக்கக்கூடாத தாளில் வைத்தவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல் விட்டவர்களும் இருக்கிறார்கள்.

அந்த 'ஆம்' என்பதை எப்படிக் கழற்றுவது என்பதே இந்த மாதம் நான் பேச விரும்பும் விடயம். சட்டம் படிக்கும் மாணவர்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இதைத்தான் முதலில் பழகுகிறார்கள். நான் சட்டம் படித்தவள் அல்ல, சமூகவியல் படித்தவள். ஆனாலும் வேலையின் காரணமாகச் சட்ட மாணவிகளோடு சேர்ந்து அந்தப் புத்தகத் தட்டுகளில் தேடிப் பழகியிருக்கிறேன். அந்தப் பழக்கம் பட்டம் பெறுபவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தாயும் அதைப் பழகலாம். இன்று உங்களில் பலரின் வீட்டிலோ அயலிலோ சட்டம் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்ட பீடம் உண்டு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை உண்டு, திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டம் படிக்கலாம். 1874இல் தொடங்கிய சட்டக் கல்லூரி புதுக்கடையில் இருக்கிறது. அந்தப் பிள்ளை என்ன படிக்கிறாள், எங்கே தேடுகிறாள் என்று தெரிந்தால் அவளிடம் எதைக் கேட்பது என்பது உங்களுக்கு விளங்கும்.

தட்டில் இருப்பவை மூன்று

சட்ட நூலகத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இருந்தாலும் அடிப்படையானவை மூன்றுதான். ஒன்று, பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள். இரண்டு, நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகள். மூன்று, அரசாங்க வர்த்தமானி. மற்றவை எல்லாம் இந்த மூன்றையும் விளக்கி ஆசிரியர்கள் எழுதியவை.

முதலில் சட்டத்தை எடுப்போம். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் ஆண்டும் ஓர் இலக்கமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் அது எந்தச் சட்டம் என்று தெரியும். உதாரணத்துக்கு, "34ஆம் இலக்கச் சட்டம்" என்று ஒருவர் உங்களிடம் சொன்னால் அதில் ஒன்றும் விளங்காது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கம் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். கணவன் அடித்தால் பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றம் போவது அதன்படிதான். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கமோ இழப்பீட்டுக்கான அலுவலகத்தை அமைத்த சட்டம். இலக்கம் ஒன்றுதான், விடயம் வேறு. எனவே யாராவது "புதுச் சட்டம்" என்று சொன்னால் நாங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி: எந்த ஆண்டு, எத்தனையாம் இலக்கம்? சொல்பவருக்கே அது தெரியாவிட்டால், அவரும் யாரோ சொல்லக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்.

எங்கள் அரசியலமைப்பின்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட்டு வெளியிடப்பட வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்க வேண்டும். ஆகவே தமிழ்ப் பிரதியைக் கேட்பது சலுகை கேட்பதல்ல, அது எமது உரிமை. ஆனால் அநேகமான சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று எழுதியிருக்கும். அதனால் தமிழில் ஒரு சொல் மயக்கமாக இருந்தால் சிங்களப் பிரதியையும் பார்க்கச் சொல்லிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

அடுத்தது தீர்ப்புகள். தடித்த அட்டை போட்டு வரிசை வரிசையாக இருக்கும் தொகுதிகள் இவை. பழையவை 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்', பின்னர் வந்தவை 'ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ்'. இவற்றில் ஒரு வழக்கைத் தேடுவது எப்படி என்பதற்கு எங்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன்.

கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் 1960களில் வழக்குத் தொடுத்தார். சிங்களப் பரீட்சையில் சித்தியடையாததால் அவருக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தையே அவர் கேள்விக்குட்படுத்தினார். மாவட்ட நீதிமன்றத்தில் அவர் வென்றார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றம் 1967இல், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு 70ஆம் தொகுதியில் 121ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதை வாசித்துவிட்டு ஒரு மாணவி புத்தகத்தை மூடினால், கோடீஸ்வரன் தோற்றார் என்றே எழுதுவாள். ஆனால் 72ஆம் தொகுதியில் 337ஆம் பக்கத்தைத் திறந்தால் 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது தெரியும். அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போடலாம் என்று சொல்லி, உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை அது மாற்றியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு மட்டும் அங்கு பதில் கிடைக்கவில்லை. வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு தீர்ப்பை வாசித்தால் அதற்குப் பிறகு வந்தது என்ன என்று தேடாமல் எழுந்து போகக்கூடாது. சட்ட மாணவர்களுக்கு நூலகம் கற்றுத்தரும் முதற் பாடம் இதுதான். எங்களுக்கும் இதுதான் பாடம்.

புத்தகம் பழையதானால்

மூன்று வருடப் படிப்புக்கு ஒரு புத்தகத்தை வாங்கினால் போதும் என்று பல தாய்மார் நினைக்கிறார்கள். வேறு பாடங்களுக்கு அது சரியாக இருக்கலாம். சட்டத்துக்குச் சரிவராது. இலங்கைச் சட்டங்களைத் தொகுத்து அட்டை போட்ட பெரிய தொகுதிகள் 1956, 1980ஆம் ஆண்டுப் பதிப்புகள். நூலகங்களில் இன்றும் அவற்றைக் காணலாம். அவை பயனுள்ளவை. ஆனால் அவற்றுக்குப் பிறகு வந்த திருத்தங்களை வேறாகத் தேடிச் சேர்க்க வேண்டும்.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு நான் அறிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். குடியேற்றத் திட்டம் ஒன்றில் அனுமதிப்பத்திரக் காணி. தாய் போர்க்காலத்தில் இறந்துவிட்டார். தகப்பன் 2023இல் நோயால் இறந்தார். பின்னுரித்தாளராக எவருடைய பெயரையும் அவர் பதியவில்லை. பிள்ளைகள் இருவர். மூத்தவள் மகள், அவள்தான் தகப்பனைக் கடைசிவரை பார்த்தாள், அந்தக் காணியில் கச்சான் போட்டுச் சீவித்தாள். இளையவன் மகன், வெளிநாட்டில் இருக்கிறான். காணி விடயமாகப் போன இடத்தில் ஓர் உத்தியோகத்தர், "பொம்பிளைப் பிள்ளைக்கு எழுத ஏலாது, சட்டப்படி மகனுக்குத்தான் முதல்" என்று சொல்லிவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் படித்த காலத்தில் சட்டம் அப்படித்தான் இருந்தது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் காணி யாருக்குப் போகும் என்று வரிசைப்படுத்தியது. மகன்மார் முதலில், பிறகு மகள்மார். பேரன்மார், பிறகு பேத்திமார். தகப்பன், பிறகு தாய். ஒவ்வொரு படியிலும் ஆண் முன்னால் நின்றான்.

அவள் அயலில் சட்டம் படிக்கும் ஒரு பிள்ளையிடம் போனாள். அந்தப் பிள்ளை நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். புத்தகத்திலும் அதே வரிசைதான் இருந்தது. "அக்கா, அவர் சொன்னது சரிதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் புத்தகம் அச்சான ஆண்டைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வந்ததா என்று ஆண்டு ஆண்டாகத் தேடினாள். 2022ஆம் ஆண்டுச் சட்டங்களில் அது கிடைத்தது. ஆணுக்கு முதலிடம் கொடுத்த அந்த வரிசை 2022இல் திருத்தப்பட்டிருந்தது. தகப்பன் இறந்தது 2023இல்.

அவள் அந்தத் திருத்தத்தின் தமிழ்ப் பிரதியை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தாள். சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி அதைப் பார்த்துவிட்டுத் தகப்பன் இறந்த திகதியையும் திருத்தம் வந்த திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். பிறகு கடிதம் தயாரித்தார். கோப்பு மீண்டும் விசாரணைக்கு எடுக்கப்பட்டது. இதை எழுதும்போது முடிவு வரவில்லை. ஆனால் "ஏலாது" என்று மூடிய கோப்பு திறந்திருக்கிறது. அதைத் திறந்தது ஓர் அச்சிட்ட தாள்.

இன்னொரு விடயத்தையும் பாருங்கள். கணவரைத் தேடும் சகோதரிகளிடம், மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் எந்த அலுவலும் நடக்கும் என்று பல காலம் சொல்லப்பட்டது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் மோதல் காரணமாகக் காணாமற்போனவர்களுக்கு மரணப் பதிவைச் சுலபமாக்கியது. ஆனால் கணவர் இறந்தார் என்று எழுதிக் கையெழுத்து வைக்க மனம் ஒப்பாத எத்தனை பேர் எங்களிடையே இருக்கிறார்கள்! 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் அவர்களுக்காக இன்னொரு தாளைக் கொண்டுவந்தது. அது காணாமற்போனமைக்கான சான்றிதழ். இறந்துவிட்டார் என்று சொல்லாமலே அலுவல் பார்க்க அது வழிவைத்தது. அந்தத் திருத்தத்தை எவரும் வாசித்துச் சொல்லாததால், மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டு அழுத தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன்.

தேசவழமைக்கு உட்பட்ட சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சீதனக் காணியானாலும் அதை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அது. அந்த ஒரு பிரிவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டு பிரிவு தள்ளி 8ஆம் பிரிவை வாசியுங்கள். கணவர் கைவிட்டுப் போனாலோ, எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டாலோ, மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்தைக் கேட்கலாம் என்று அதில் இருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்பவர்கள் பலர். திறப்பு இரண்டு பிரிவு தள்ளி அதே தாளில்தான் இருக்கிறது.

செய்தி வேறு, சட்டம் வேறு

நூலகப் புத்தகம் பழையதானால் பத்திரிகையை நம்பலாமா? நம்பலாம். ஆனால் செய்தி எந்தப் படியைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். நெல்லு விதைத்த அன்றே சோறு ஆகாது. சட்டமும் அப்படித்தான்.

முதற் படி சட்டமூலம். அது வர்த்தமானியில் வெளிவந்து பிறகு பாராளுமன்றத்துக்குப் போகும். அது வெறும் யோசனைதான். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு சட்டமூலம் 2018இல் வெளிவந்தது. இன்னொன்று 2023இல் வந்தது. இரண்டும் பெரிய செய்தியாகின. "சட்டத்தை எடுத்திட்டாங்களாம்" என்று சில தாய்மார் சிறைச்சாலை வாசலுக்கே போனார்கள். ஆனால் அந்த இரண்டு சட்டமூலங்களும் சட்டமாகவில்லை.

சட்டமூலம் வந்த நேரம்தான் மிக முக்கியமான நேரம் என்பதையும் அறிந்திருங்கள். அரசியலமைப்புக்கு முரணாக இருக்கிறது என்று எந்தப் பிரஜையும் குறிப்பிட்ட நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். பாராளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் சான்றுரை எழுதியபின் அந்தச் சட்டம் செல்லுமா என்று எங்கள் நாட்டில் எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. ஆகவே பெண்களைப் பாதிக்கும் சட்டமூலம் ஒன்று வந்தால், நிறைவேறியபின் ஊர்வலம் போவதைவிட வர்த்தமானி வந்த வாரமே வாசிப்பது பலன் தரும்.

இரண்டாம் படி, சபாநாயகர் சான்றுரை எழுதி அது சட்டமாவது. மூன்றாம் படி, அது நடைமுறைக்கு வருவது. இந்த இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்றில்லை. தகவலறியும் உரிமைச் சட்டம் 2016 ஓகஸ்டில் சட்டமானது. மக்கள் அதன்படி விண்ணப்பிக்கக்கூடியதாக நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3ஆம் திகதி. இடையில் ஆறு மாதம்.

நான்காவதாக, சில சட்டங்களுக்கு முடிவுத் திகதியும் உண்டு. இதைத்தான் எங்கள் சகோதரிகள் அதிகம் தவறவிடுகிறார்கள். எமது நாட்டில் ஒருவர் இன்னொருவரின் காணியில் பத்து வருடம் தடையின்றித் தனது போல் இருந்தால் உரிமை கோரலாம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர் திரும்பி வந்து பார்த்தால் காணியில் வேறொருவர். அவர், "பத்து வருடம் தாண்டிவிட்டது" என்கிறார். இதற்காகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. எங்களுக்கென்றே எழுதப்பட்ட சட்டம். ஆனால் அதன்படி வழக்குத் தொடுக்கக் கொடுத்த காலம் இரண்டே இரண்டு ஆண்டு. ஒரு விதவைத் தாய் அதைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டு என்னிடம் கேட்டது 2019இல்.

இன்னொரு பக்கம் பாருங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொல் இருக்கிறது. 1979இல் மூன்று ஆண்டுக்கென்று வந்தது. 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பெயரில் தற்காலிகம் என்று இருந்த சட்டம் நாற்பது ஆண்டுகளையும் தாண்டியது. எங்களுக்குக் காணியைத் திருப்பித் தர வந்த சட்டத்தின் கதவு இரண்டு ஆண்டுக்கென்று வைக்கப்பட்டது. பெயரைப் பார்த்து முடிவுகட்டக்கூடாது, உள்ளே இருக்கும் திகதியை வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

வர்த்தமானியில் வந்த எல்லாமே முடிந்த முடிவும் அல்ல. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் நடத்துவதற்கான விதிகள் 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வந்தன. தமிழ்மொழி மூலம் படித்த எத்தனையோ பிள்ளைகள், "இனி எங்களுக்கு இடமில்லை" என்று மனம் உடைந்தார்கள். 2023 மார்ச்சில் அந்த விதிகள் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது பாராளுமன்றம் அவற்றை நிராகரித்தது. செய்தியின் முதற் பாதியை மட்டும் கேட்டவர்கள் விண்ணப்பத்தையே கிழித்திருப்பார்கள்.

"சுற்றுநிருபம் வந்திருக்கு"

நூலகத்தில் தேடியும் எளிதில் கிடைக்காத ஒன்று உண்டு. அதுதான் சுற்றுநிருபம். கந்தோர்களில் எங்களுக்கு மறுமொழி சொல்ல அதிகம் பயன்படுவதும் அதுதான். "புதுச் சுற்றுநிருபத்தின்படி உங்களுக்கு வீட்டுத்திட்டம் கிடையாது" என்றால் நாங்கள் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

அதற்குத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தச் சுற்றுநிருபத்தின் பிரதியைத் தாருங்கள் என்று அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்குச் சான்றாக ஒரு தாளை உங்களுக்குத் தர வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு நாட்களுக்குள் (வேலை நாட்கள்) அறிவிக்க வேண்டும். மறுத்தால் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

பிரதியைக் கேட்டு ஒரு தாள் கொடுத்தவுடனேயே, இல்லாத சுற்றுநிருபம் மறைந்து போனதையும் நான் பார்த்திருக்கிறேன். இருந்த சுற்றுநிருபத்தில் விதிவிலக்கு ஒன்று எழுதியிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சட்டம் படிக்கும் தங்கைகளுக்கு

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கைத்தொலைபேசியிலேயே இன்று நிறையத் தேடலாம். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானிகளும் சட்டங்களும் மூன்று மொழிகளிலும் கிடைக்கின்றன. பாராளுமன்றத்தின் தளத்தில் சட்டமூலங்கள் இருக்கின்றன. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் புதிய தீர்ப்புகளைத் தமது தளங்களில் போடுகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம் நாங்கள். ஒரு தாள் எத்தனை பெறுமதியானது என்று எங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு வாரமும் பெண்களையும் காணியையும் காணாமற்போனவர்களையும் பற்றி வந்த சட்டச் செய்தி ஒன்றை எடுங்கள். சட்டமூலமா, சட்டமா, ஆண்டு, இலக்கம், நடைமுறைக்கு வந்த திகதி, முடிவுத் திகதி, எந்தப் பழைய சட்டத்தை மாற்றியது என்று தமிழில் ஆறு வரி எழுதுங்கள். உதாரணமாக, குற்றச்செயலால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் வந்த 4ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பழைய இலக்கத்தை எழுதிக் கடிதம் அனுப்பினால் அது பிழையான இடத்தில் நிற்கும். உங்கள் பரீட்சைக்கும் இந்தக் கொப்பி உதவும், மாதர் சங்கத்துக்கும் உதவும்.

ஆனால் எல்லையையும் அறிந்திருங்கள். தாளைத் தேடிக் கொடுங்கள், வாசித்து விளக்குங்கள். வழக்குப் போடுவதா விடுவதா என்ற ஆலோசனையைச் சட்டத்தரணியிடம் விடுங்கள். பணம் இல்லாதவர்களுக்காகத்தான் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இயங்குகிறது. அவர்களிடம் வழியைக் காட்டிவிடுங்கள்.

அம்மாமாருக்கும் அக்காமாருக்கும்

நீங்கள் நூலகத்துக்குப் போகத் தேவையில்லை. போக விரும்பினால், வெளியாரும் அனுமதி பெற்று இருந்து வாசிக்க இடந்தரும் நூலகங்கள் உண்டு, இரவல் மட்டும் கிடைக்காது. நீங்கள் செய்ய வேண்டியது ஐந்து கேள்வியை மனதில் வைத்திருப்பது. அடுப்படிச் சுவரில் ஒட்டினாலும் நல்லது.

1. எந்த ஆண்டு, எத்தனையாம் இலக்கம்?
2. சட்டமூலமா, சட்டமா, சுற்றுநிருபமா?
3. எந்தத் திகதியிலிருந்து நடைமுறை?
4. எந்தத் திகதியோடு முடிகிறது?
5. தாளைக் காட்ட முடியுமா?

கோபமாகக் கேட்க வேண்டாம். "தம்பி, எனக்கு வாசிக்கிற பிள்ளை ஒண்டு இருக்கு, அந்த இலக்கத்தை மட்டும் எழுதித் தாங்கோ" என்று கேட்டால் போதும். நல்ல உத்தியோகத்தர் எழுதித் தருவார். எங்கள் கந்தோர்களில் அப்படியானவர்கள் பலர் இருக்கிறார்கள். எழுதித் தராதவரிடம், அவர் தரவில்லை என்பதே உங்களுக்கு ஒரு தகவல்.

சண்டை எங்களிடமிருந்து உறுதியை எரித்தது, பிறப்புப் பதிவை எரித்தது, குடும்ப அட்டையைத் தொலைத்தது. தாள் இல்லாமல் நிற்பது என்ன என்று இந்த நாட்டில் எங்களைவிட அறிந்தவர் குறைவு. ஆனால் சட்டம் என்ற தாள் எரியவில்லை. அது அச்சாகி எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. உங்கள் உறுதி தொலைந்திருக்கலாம், உங்கள் உரிமை எழுதப்பட்ட தாள் தொலையவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் காதில் விழுந்த ஒரு "சட்டமாம்" செய்தியைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து அதன் இலக்கத்தைத் தேடுவோம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.